கட்டளை தட்டாமல் வீடியோ, ஆடியோ மாற்றுதல்: முகப்பு மென்பொருள்களைக் கையாளும் முறை

எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளுக்குப் பொத்தானும் இல்லை, மெனுவும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டி என்டர் அழுத்தினால்தான் வேலை நடக்கும். பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய இந்த இயந்திரமே இன்று எண்ணற்ற வீடியோ மாற்றிகளுக்குள் ஓடுகிறது. கட்டளை தட்டத் தெரியாதவரும் அதைப் பயன்படுத்தும்படி மேலே சன்னலும் பொத்தான்களும் வைத்துத் தருபவை முகப்பு மென்பொருள்கள். பொத்தானை அழுத்தியதும் முகப்பு பின்னால் ஒரு கட்டளையை எழுதி இயந்திரத்திடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். இயந்திரத்தால் முடியாதது முகப்பாலும் முடியாது. தவறான தேர்வைக் கொடுத்தால் முகப்பு தடுத்து நிறுத்தாது, அந்தத் தவற்றை வேகமாகச் செய்து முடிக்கும்.

இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பில் உள்ள ஒரு வீட்டின் பீரோவில் இருக்கக்கூடிய சேகரிப்பு. வெள்ளாற்றங்கரை ஊர், விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலை விருத்தாசலம் சாலையைச் சந்திக்கும் இடம். இங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் 1990களின் இறுதியிலிருந்து ஸ்டுடியோக்காரர்கள் கொடுத்த கல்யாண வி.சி.டி.க்கள், அதற்குப் பின் வந்த டி.வி.டி.க்கள், காதுகுத்து, திருவிழா, விடிய விடிய நடந்த தெருக்கூத்தின் கேம்கார்டர் பதிவு, தாத்தா பாட்டி குரல் உள்ள ஒலிநாடா எனப் பலவும் வீடுகளில் கிடக்கின்றன. 2011 டிசம்பர் 30-இல் கரையேறிய தானே புயலும் 2015 வெள்ளமும் இந்த மாவட்டத்தில் நனைத்த பொருள்களில் இத்தகைய வட்டுகளும் அடங்கும். நனையாதவையும் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்து, ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க முடியாமல் போகின்றன.

தேவையான மென்பொருள்கள்

எல்லாம் இலவசம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுவத் தேவையில்லை. முதல் மூன்றே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

மீடியாஇன்ஃபோ கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும், எதையும் மாற்றாது. லாஸ்லெஸ்கட், எஃப்எஃப்எம்பெக்கின் முகப்பு. தரம் குறையாமல் வெட்டவும் ஒட்டவும். ஹேண்ட்பிரேக் வீடியோவைச் சுருக்க. எரிக் பெட்டி 2003-இல் தொடங்கிய இதற்குத் தனிக் கட்டளைவரிப் பதிப்பும் உண்டு, சன்னல் பதிப்பும் உண்டு. இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே இயந்திரம், அது எஃப்எஃப்எம்பெக்கின் நூலகங்களைப் பயன்படுத்துகிறது. எம்கேவிடூல்நிக்ஸ், எம்கேவிமெர்ஜ் என்ற கட்டளைக் கருவியின் முகப்பு. ஷட்டர் என்கோடர், எஃப்எஃப்எம்பெக்கின் பல வேலைகளை ஒரே சன்னலில் அடுக்கித் தருவது. ஒலிக்கு மட்டும் ஃப்ரேயாக். எம்பி3 ஆக்கும் லேம், இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் ஆகிய இரண்டும் அதற்குள் உள்ளன.

பதிவிறக்கத்தில் கவனம்

1. மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கின் முகவரி 'ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர்'. தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பை அழுத்தக் கூடாது. பெயரில் ஓர் எழுத்து மாற்றிய போலித் தளங்கள் இந்தத் துறையில் அதிகம்.

2. இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை, தளத்தில் கொடுத்துள்ள எண்ணுடன் ஒப்பிட வேண்டும். செவன்-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலது சொடுக்கி 'எஸ்எச்ஏ-256' தேர்ந்தாலே எண் தெரியும். இது வீண் வேலை அல்ல. 2017 மே 2 முதல் 6 வரை ஹேண்ட்பிரேக்கின் இரண்டு பதிவிறக்கக் கணினிகளில் ஒன்றுக்குள் புகுந்தவர்கள், மேக் பதிப்புக்குப் பதிலாக 'புரோட்டான்' என்ற உளவு நிரல் சேர்த்த கோப்பை வைத்துவிட்டார்கள். சரியான தளத்துக்கே போனவர்களும் மாட்டினார்கள். எண்ணை ஒப்பிட்டவர்கள் தப்பித்தார்கள்.

3. விண்டோஸில் ஹேண்ட்பிரேக் திறக்க மைக்ரோசாஃப்டின் 'டாட்நெட் டெஸ்க்டாப் ரன்டைம்' வேண்டும். இல்லையென்றால் அதுவே கேட்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவிக்கொள்ளலாம்.

4. விண்டோஸ் 7 உள்ள பழைய கணினியில் இன்றைய ஹேண்ட்பிரேக் ஓடாது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிதான் பல வீடுகளில் இன்னமும் ஒரே கணினி. அதில் இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவினால் ஹேண்ட்பிரேக், எம்கேவிடூல்நிக்ஸ் இரண்டும் அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். வேகம் குறைவுதான், வேலை நடக்கும்.

முதல் வேலை: வட்டை அப்படியே நகலெடுத்தல்

வட்டிலிருந்து நேரடியாகச் சுருக்கத் தொடங்குவது பரவலான தவறு. பழைய வட்டு நடுவில் சிக்கினால் மணிக்கணக்கான வேலை போகும். அதைவிட, ஏற்கெனவே தடுமாறும் வட்டை டிரைவ் திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டிவரும்.

1. வட்டைத் துடைக்க வேண்டுமானால் மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் திசையிலேயே விழும், பிழைதிருத்தம் அதைச் சமாளிக்காது. பூஞ்சை இருந்தால் காய்ச்சி வடித்த நீர் கொஞ்சம். பற்பசை, பெட்ரோல் வைத்தியம் வேண்டாம்.

2. டி.வி.டி.யில் 'வீடியோ_டிஎஸ்' என்ற கோப்புறையை முழுவதுமாகக் கணினிக்கு இழுத்துப் போட வேண்டும். வி.சி.டி.யில் 'எம்பெகேவி' கோப்புறைக்குள் இருக்கும் 'டிஏடி' நீட்டிப்புள்ள கோப்புகளை எடுக்க வேண்டும். அவை திறக்க மறுத்தால் நீட்டிப்பை எம்பிஜி என்று மாற்றிப் பார்க்கலாம், பெரும்பாலும் திறந்துவிடும்.

3. நகல் பாதியில் நின்றால் வேறொரு டிரைவில் முயல வேண்டும். ஒரு டிரைவ் படிக்காத வட்டை இன்னொன்று படிப்பது சாதாரணம். எதுவும் படிக்காவிட்டால் டிடி-ரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி உண்டு. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, சிக்கலான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

4. நகலெடுத்த கோப்புறைக்கு ஆண்டும் நிகழ்ச்சியும் சேர்த்துப் பெயரிட வேண்டும்.

கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகளுக்கு இந்த வழி பொருந்தாது. அவற்றின் நகல்பூட்டை ஹேண்ட்பிரேக் தானாக உடைக்காது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு அப்படி உடைப்பது, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி குற்றம்.

கோப்புக்குள் பார்த்தல்

மீடியாஇன்ஃபோவில் கோப்பை இழுத்துப் போட்டால் ஒரு பட்டியல் விரியும். அதில் கவனிக்க வேண்டியவை ஆறுதான்: கொள்கலன், வீடியோ கோடெக், அளவு, பிரேம் வீதம், ஸ்கேன் வகை, ஒலி கோடெக்.

எம்பி4, எம்கேவி, வி.ஓ.பி. ஆகியவை கொள்கலன்கள். அவற்றுக்குள் இருக்கும் எம்பெக்-2, எச்.264 போன்றவை கோடெக்குகள். தூக்குவாளியை மாற்றினால் உள்ளே இருக்கும் குழம்பு மாறாது. இந்த வேறுபாடு பிடிபடாததால்தான் பலரும் கொள்கலனை மட்டும் மாற்ற வேண்டிய இடத்தில் வீடியோவையே மறுபடி என்கோட் செய்து தரத்தை இழக்கிறார்கள். மறுபடி என்கோட் செய்யும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விவரம் போகும், போனது திரும்பாது.

நம் ஊர்க் கல்யாண டி.வி.டி. பெரும்பாலும் 720×576 அளவு, விநாடிக்கு 25 பிரேம், எம்பெக்-2, 'இன்டர்லேஸ்டு' என்று காட்டும். வி.சி.டி. 352×288, எம்பெக்-1. இதில் வீடியோவுக்கு விநாடிக்கு 1,150 கிலோபிட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் பெரிய டிவியில் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அதை 1080 ஆக மாற்றித் தருவதாகச் சொல்லும் பொத்தானை நம்ப வேண்டாம். கோப்பு பெரிதாகும், முகம் தெளியாது.

மூன்று வழிகளில் எது?

இந்த அத்தியாயத்தில் நிதானமாக முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான்.

வீடியோவில் ஒரு பகுதி மட்டும் வேண்டும், அல்லது துண்டு துண்டாக உள்ளவற்றை ஒன்றாக்க வேண்டும் என்றால், என்கோட் தேவையில்லை. லாஸ்லெஸ்கட் போதும். பல வி.ஓ.பி. கோப்புகளை ஒரே கோப்பாக்கிப் பாதுகாக்க வேண்டும் என்றால், அதற்கும் என்கோட் தேவையில்லை. எம்கேவிடூல்நிக்ஸில் முதல் வி.ஓ.பி.யைப் போட்டாலே தொடரும் எண்ணுள்ள மற்றவற்றை அதுவே சேர்த்துக்கொள்ளும். கைபேசியிலோ டிவியிலோ பார்க்க வேண்டும், கோப்பு சிறிதாக வேண்டும் என்றால் மட்டுமே ஹேண்ட்பிரேக்.

இடம் மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் சுருக்கிவிட்டு மூலத்தை அழிப்பது இன்றைய நிலையில் தேவையற்ற வேலை. ஒரு டி.வி.டி. 4.7 ஜிபி, ஒரு டிபி ஹார்டு டிஸ்கில் இருநூறுக்கும் மேல் அடங்கும். எந்த வீட்டிலும் அத்தனை கல்யாணம் நடந்திருக்காது. சுருக்கிய நகல் பார்ப்பதற்கு, மூல நகல் வைத்திருப்பதற்கு.

வெட்டுதல்: லாஸ்லெஸ்கட்

இரவு முழுக்க நடந்த கூத்தில் கர்ண மோட்சத்தின் ஒரு கட்டம் மட்டும் வேண்டும் என்று கொள்ளலாம்.

1. கோப்பை இழுத்துப் போட வேண்டும். எம்பெக்-2 கோப்பானால் படம் தெரியாமல் போகலாம். ஃபைல் மெனுவில் உள்ள 'கன்வெர்ட் டு சப்போர்டட் ஃபார்மட்' ஒரு தற்காலிக முன்னோட்டத்தை உருவாக்கும். பார்வைக்கு அது, வெட்டு விழுவது மூலக் கோப்பில்.

2. தொடங்கும் இடத்தில் 'ஐ' விசை, முடியும் இடத்தில் 'ஓ' விசை. பல துண்டுகளைக் குறிக்கலாம்.

3. 'எக்ஸ்போர்ட்' அழுத்த வேண்டும். பெரிய கோப்பானாலும் நிமிடக்கணக்கில் முடியும். ஹார்டு டிஸ்கின் வேகம்தான் வரம்பு.

4. வெட்டிய துண்டை இயக்கித் தொடக்கத்தையும் முடிவையும் பார்க்க வேண்டும்.

வெட்டு குறித்த இடத்துக்குச் சற்று முன்னதாக விழுந்தால் அது மென்பொருளின் கோளாறு அல்ல. என்கோட் செய்யாமல் வெட்டும்போது, முழுப்படம் உள்ள 'கீஃபிரேம்' இருக்கும் இடத்திலிருந்துதான் தொடங்க முடியும். டி.வி.டி.யில் ஏறத்தாழ அரை விநாடிக்கு ஒன்று இருக்கும். ஹேண்ட்பிரேக்கில் சுருக்கிய எச்.264 கோப்பில் இரண்டுக்கும் இடையே பத்து விநாடி வரை இருக்கலாம். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் வெட்டு, பிறகு சுருக்கு. மாற்றிச் செய்தால் தாலி கட்டும் துண்டுக்கு முன்னால் பத்து விநாடி பந்திக்கூடம் ஒட்டிக்கொண்டு வரும்.

கேம்கார்டரில் எடுத்த நீண்ட பதிவு பல எம்டிஎஸ் கோப்புகளாக உடைந்திருக்கும். மெமரி கார்டின் ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதே காரணம். எண் வரிசைப்படி அவற்றை லாஸ்லெஸ்கட்டில் ஒன்றாக இழுத்துப் போட்டு 'மெர்ஜ்' கொடுக்கலாம். ஒரே கேமராவில் ஒரே அமைப்பில் எடுத்தவையாக இருக்க வேண்டும். கைபேசிக் கோப்பையும் கேம்கார்டர் கோப்பையும் இப்படி ஒட்டினால் நடுவிலேயே படமோ ஒலியோ போய்விடும்.

சுருக்குதல்: ஹேண்ட்பிரேக்

1. 'ஓப்பன் சோர்ஸ்' வழியாக வீடியோ_டிஎஸ் கோப்புறையை முழுவதுமாகக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வி.ஓ.பி.யைக் கொடுத்தால் ஒரு ஜிபி அளவுள்ள துண்டு மட்டுமே மாறும். "கல்யாணம் பாதியிலேயே நிற்கிறது" என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுதான்.

2. 'டைட்டில்' பட்டியலில் மிக நீளமானதைத் தேர வேண்டும். சில வட்டுகளில் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு தனித்தனி டைட்டில்களாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக வரிசையில் சேர்க்க வேண்டும்.

3. ப்ரீசெட் 'ஃபாஸ்ட் 576பி25'. கொள்கலன் எம்கேவி, ஏன் என்பது அடுத்த பகுதியில்.

4. 'ஃபில்டர்ஸ்' பகுதியில் டீஇன்டர்லேஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மாலை மாற்றும்போதும் ஆட்டத்தின்போதும் அசையும் ஓரங்கள் கிடைமட்டக் கோடுகளாகக் கிழிந்து தெரியும்.

5. 'வீடியோ' பகுதியில் தரத்தை ஆர்.எஃப். எண்ணால் குறிக்க வேண்டும். எண் குறைந்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். டி.வி.டி. அளவுக்கு 18 முதல் 22 வரை, 1080-க்கு 20 முதல் 24 வரை என்பது ஹேண்ட்பிரேக் குழுவின் பரிந்துரை. பழைய கல்யாண வீடியோவுக்கு 20 நல்ல தொடக்கம். பூஜ்யம் வைத்தால் மூலத்தைவிடப் பெரிய கோப்பு வரும், கூடுதல் தெளிவு எதுவும் வராது.

6. அளவையும் விகிதத்தையும் தொடாமல் விட வேண்டும். பழைய 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பினால் மணப்பெண் அகலமாகத் தெரிவார்.

7. ஒரு நிமிடச் சோதனை. 'ரேஞ்ச்' பட்டியலில் 'செகண்ட்ஸ்' தேர்ந்து, ஆட்டம் பாட்டம் அதிகமுள்ள அறுபது விநாடிகளை மட்டும் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். அதை எந்தக் கருவியில் பார்க்கப் போகிறார்களோ அந்த டிவியிலும் கைபேசியிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

8. சரியாக இருந்தால் அமைப்பைப் புதிய ப்ரீசெட்டாகச் சேமித்து, எல்லா டைட்டில்களையும் 'ஆட் டு கியூ' மூலம் அடுக்கி, 'ஸ்டார்ட்' கொடுக்கலாம்.

கோப்பு எவ்வளவு வரும் என்று கணக்கிட விரும்பினால்: பிட் வீதத்தை விநாடிகளால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். விநாடிக்கு 2,000 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரம் சுமார் 900 எம்பி.

'கியூஎஸ்வி', 'என்வென்க்' என்று முடியும் என்கோடர்கள் கணினியின் கிராஃபிக்ஸ் பகுதியைப் பயன்படுத்துபவை. பலமடங்கு வேகம், ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும். அவசரமாக அனுப்ப அவை ஆகும், நிதானமாகச் சேர்த்து வைக்க, செயலியிலேயே ஓடும் எக்ஸ்264 என்கோடர் மேல்.

மின்தடையும் சூடும்

நெய்வேலியின் அனல்மின் நிலையங்கள் அரை மணிப் பயண தூரத்தில் இருந்தாலும் மின்தடை சேத்தியாத்தோப்புக்கு விதிவிலக்கு அளித்ததில்லை. நீண்ட என்கோட் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது கொள்கலனைப் பொறுத்தது.

எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை, என்கோட் முடியும் தறுவாயில்தான் எழுதப்படும். அதற்கு முன் கணினி அணைந்தால், ஐந்து மணி நேரம் எழுதிய தரவு வட்டில் இருந்தும் எந்தப் பிளேயரும் திறக்காது. 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்' என்ற செய்தி மட்டும் வரும். எம்கேவி எழுத எழுத இயக்கக்கூடியது. அணைந்த இடம் வரையிலான பகுதி பெரும்பாலும் பிழைக்கும். ஆகவே எம்கேவியில் என்கோட் செய்து, முடிந்த பிறகு லாஸ்லெஸ்கட்டிலோ ஷட்டர் என்கோடரின் 'ரீராப்' மூலமோ எம்பி4 கொள்கலனுக்கு மாற்றுவதே இங்கு ஏற்ற முறை. அந்த மாற்றம் சில நிமிடம்தான், தரம் குறையாது.

- மேசைக் கணினியானால் யு.பி.எஸ். வேண்டும். அது வேலையை முடிக்க அல்ல, என்கோடை நிறுத்திக் கணினியை ஒழுங்காக அணைக்க.
- என்கோட் நடக்கும்போது செயலி முழு வேகத்தில் ஓடும். மடிக்கணினியைக் கட்டில், மெத்தை மேல் வைக்கக் கூடாது; அடியில் உள்ள காற்றுத் துளை அடைபடும். ஏப்ரல், மே மாதங்களில் இரவில் ஓட விடுவது நல்லது.
- 'ஸ்லீப்' அமைப்பை அணைத்து வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கணினி தானாக அணைய, ஹேண்ட்பிரேக்கின் 'வென் டன்' அமைப்பு உதவும்.
- எழுதும் இடம் பென்டிரைவாக இருக்கக் கூடாது. வெளி ஹார்டு டிஸ்கின் கம்பி அசைந்தாலும் வேலை போகும். கணினியின் உள்வட்டில் எழுதி, பிறகு நகலெடுக்க வேண்டும்.
- கரண்ட் வந்து ஹேண்ட்பிரேக்கைத் திறந்தால், முடியாத வரிசையை மீட்கவா என்று கேட்கும். மீட்டாலும் நின்றுபோன வேலை முதலிலிருந்தே தொடங்கும். முழு வட்டை ஒரே வேலையாகக் கொடுக்காமல் நிகழ்ச்சிவாரியாகப் பிரித்துக் கொடுப்பதன் பயன் அப்போது தெரியும்.

ஒலி மட்டும்

வீடியோவிலிருந்து பாட்டை மட்டும் பிரிக்க ஷட்டர் என்கோடரின் 'எக்ஸ்ட்ராக்ட்' உள்ள ஒலியை அப்படியே எடுக்கும். எம்பி3 ஆக வேண்டுமானால் மட்டும் அதை மாற்ற வேண்டும்.

ஒலிநாடாவைக் கணினியில் வேவ் கோப்பாகப் பதிவு செய்திருந்தால், ஒரு மணி நேரம் சுமார் 635 எம்பி. ஃப்ரேயாக்கில் ஃபிளாக் தேர்ந்தால் ஏறத்தாழப் பாதியாகும், ஒரு துளியும் இழக்காது. பாதுகாக்க அதுவே சரி. காரில் கேட்கும் பென்டிரைவுக்கு 192 கிலோபிட் எம்பி3 போதும். மணிக்கு 86 எம்பி. எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு மட்டும் பெருக்கும். தவில் அடியில் உடைந்த ஒலியை எந்த முகப்பும் ஒட்டவைக்காது.

தமிழ்ப் பெயர்களும் தமிழ் வரிகளும்

புதிய முகப்புகள் தமிழ்ப் பெயருள்ள கோப்புகளைத் திறக்கும். பழையவை சில, பெயரில் தமிழோ இடைவெளியோ இருந்தால் 'கோப்பு இல்லை' என்று சொல்லும். வேலை நடக்கும்போது எண்ணால் பெயரிட்டு, முடிந்ததும் தமிழில் மாற்றுவது பாதுகாப்பு. லினக்ஸில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஆகும், 'கி' என்பது இரண்டு குறியீடு. மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் சேர்த்து அழைப்பிதழ் போல் எழுதினால் இடம் போதாது.

தமிழ் வசனவரிகளின் எஸ்ஆர்டி கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும்; நோட்பேடின் 'சேவ் ஆஸ்' சன்னலிலேயே அந்தத் தேர்வு இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை முதலில் யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். வீடியோ மேல் பெயரைப் பதிக்கும்போது, பழைய எஃப்எஃப்எம்பெக் வைத்திருக்கும் முகப்புகளில் 'கொ', 'கோ' போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். ஒரு சோதனைத் துண்டு பார்க்காமல் முழுதும் பதிக்கக் கூடாது.

பிழை வந்தால்

முகப்பு 'ஃபெயில்டு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். காரணத்தை இயந்திரம் தன் பதிவேட்டில் எழுதியிருக்கும். ஹேண்ட்பிரேக்கில் 'ஆக்டிவிட்டி லாக்', லாஸ்லெஸ்கட்டின் டூல்ஸ் மெனுவில் கடைசியாக ஓடிய எஃப்எஃப்எம்பெக் கட்டளைகள், எம்கேவிடூல்நிக்ஸில் 'ஷோ கமாண்ட் லைன்' என ஒவ்வொன்றிலும் பதிவேட்டையோ ஓடிய கட்டளையையோ பார்க்க வழி உண்டு. பதிவேட்டின் கடைசிப் பத்து வரிகளைப் படித்தால் போதும்.

'நோ ஸ்பேஸ் லெஃப்ட்': ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது. 'பெர்மிஷன் டினைடு': எழுத அனுமதியில்லாத இடம், அல்லது அதே கோப்பு வேறொரு பிளேயரில் திறந்திருக்கிறது. 'இன்வேலிட் டேட்டா': மூலம் கெட்டிருக்கிறது, நகலை மறுபடி எடுக்க வேண்டும். யாரிடமாவது உதவி கேட்கும்போது "வேலை செய்யவில்லை" என்று சொல்வதைவிட இந்த வரிகளை அப்படியே அனுப்பினால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

சரிபார்த்தலும் வைத்திருத்தலும்

1. மாற்றிய கோப்பின் நீளமும் மூலத்தின் நீளமும் ஒன்றா என்று மீடியாஇன்ஃபோவில் பார்க்க வேண்டும்.

2. தொடக்கம், நடு, கடைசி மூன்றிலும் உதட்டசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். கைபேசி வீடியோவில் போகப்போக விலகினால், பிரேம் வீதத்தைக் 'கான்ஸ்டன்ட்' என்று வைத்து மறுபடி மாற்ற வேண்டும்.

3. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு மறுபடி சுருக்கும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். 2 ஜிபி வரை ஏற்கும். யூடியூபில் ஏற்றும் கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டு இருந்தால் உரிமைக் கோரிக்கை வரும். ஷட்டர் என்கோடரின் 'ரீப்ளேஸ் ஆடியோ' கொண்டு ஒலியை மாற்றலாம், படம் மறுபடி என்கோட் ஆகாது.

4. மூல நகல் இரண்டு ஹார்டு டிஸ்குகளில் இருக்க வேண்டும். ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில். வெள்ளம் வரும் பகுதியில் இரண்டையும் ஒரே பீரோவில் வைப்பது ஒரு நகல் வைத்திருப்பதற்குச் சமம்.

5. பழைய வட்டுகளை உடனே குப்பையில் போட வேண்டாம். இரண்டாவது ஹார்டு டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்த பிறகு அதைப் பற்றி முடிவெடுக்கலாம்.